பனிச்சரிவிலிருந்து பறந்தவர்கள்

உயரமான பனிச்சரிவில் சறுக்கி வந்து, மேடை நுனியில் எழும்பி, கால்களில் கட்டிய இரண்டு நீளப் பலகைகளோடு காற்றில் மிதந்து, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் போய் இறங்குவதுதான் ஸ்கை ஜம்பிங். 1924இல் பிரான்ஸின் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தொட்டு, ஒருமுறைகூட விடுபடாமல் இடம்பெற்றுவரும் விளையாட்டு இது. காற்றில் உடலை எப்படி வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்ற கேள்விதான் இதன் வரலாற்றை நகர்த்தியிருக்கிறது. புதிய விடையோடு வந்தவர்கள் பலர் நடுவர்களிடம் மதிப்பெண் இழந்தார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் வழியே எல்லோருடைய வழியும் ஆனது.

பெரிய குன்றில் தாவும் வீரர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் மேடை நுனியை அடைகிறார். மேடை மேல்நோக்கி வளைந்திருக்கும், அதுவே அவரைத் தூக்கி எறியும் என்று தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. மேடை நுனி சுமார் 11 டிகிரி கீழ்நோக்கித்தான் சரிந்திருக்கும். எழும்புவது முழுக்கக் கால்களின் வேலை. முட்டி மடக்கிக் குந்திய நிலையில் சறுக்கி வருபவர், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிமிர்ந்து எழும்பியாக வேண்டும். முந்திவிட்டால் உந்துதல் வீணாகும். பிந்திவிட்டால் உதைப்பதற்குக் காலடியில் மேடை இருக்காது. அதன் பிறகு சில விநாடிகள் பறத்தல். இறங்கும் சரிவும் பறக்கும் பாதையோடு ஒட்டிக் கீழே இறங்கிக்கொண்டே போவதால், வீரர் தரையிலிருந்து சில மீட்டருக்கு மேல் உயர்வதில்லை. நூறு மீட்டருக்கு அப்பால் போய் விழுபவர் இரண்டு காலில் நிற்க முடிவது இந்தச் சரிவால்தான். சமதளத்தில் இறங்கினால் எலும்பு தாங்காது.

வெற்றியைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு குன்றிலும் ஓர் இலக்குக் கோடு உண்டு. அதைத் தொட்டால் 60 புள்ளிகள். பெரிய குன்றில் அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும், குறையும் ஒவ்வொரு மீட்டருக்கும் அதே அளவு கழியும். கூடவே ஐந்து நடுவர்கள் பறக்கும் பாணிக்கும் தரையிறங்கும் நேர்த்திக்கும் ஆளுக்கு 20 வரை மதிப்பெண் தருகிறார்கள். அவற்றில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள். ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக, முட்டி மடங்கி, கைகளை விரித்து இறங்குவது இலக்கணம். இந்த இறக்கத்துக்கு நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

விளையாட்டின் பிறப்பிடமும் அந்த வட்டாரம்தான். அங்குள்ள மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825இல் பிறந்தவர் சோண்ட்ரே நோர்ஹைம். சொந்த நிலமில்லாத ஏழைக் குடியானவர். அந்நாளில் பனிச்சறுக்குப் பலகையைக் கால்விரல் பக்கம் ஒரு வாரால் மட்டுமே கட்டுவார்கள். சமவெளியில் நடக்க அது போதும். தாவினால் பலகை ஒருபக்கமும் ஆள் ஒருபக்கமும் விழ வேண்டியதுதான். நோர்ஹைம் மரவேரை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகையின் நடுப்பகுதியையும் குறுக்கி இழைத்தார். இந்த இரண்டு மாற்றங்களால் பலகை காலோடு ஒட்டியது, திரும்புவதும் தாவுவதும் கைவந்தன. 1868இல் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், நடந்த போட்டியில் 42 வயதில் கலந்துகொண்டு வென்றார். ஆனால் வறுமை விடவில்லை. 1884இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், 1897இல் வட டகோட்டாவில் இறந்தார். 1952இல் ஆஸ்லோ ஒலிம்பிக்குக்கான தீபத்தை மோர்கெடாலில் அவர் வாழ்ந்த வீட்டின் அடுப்பங்கணப்பில்தான் ஏற்றினார்கள். பிறந்த மண் காட்டிய மரியாதைகளில் இது தகுதியான ஒன்று.

1892இல் ஆஸ்லோவை ஒட்டிய ஹோல்மென்கோலன் குன்றில் முதல் போட்டி நடந்தபோது மிக நீண்ட தாவல் 20 மீட்டரைச் சற்றே கடந்தது. அக்கால வீரர்கள் உடலை நிமிர்த்தியே பறந்தார்கள். காற்றை நெஞ்சால் எதிர்கொண்டதால் வேகம் செத்துப்போனது. முதல் உலகப் போருக்குப் பிறகு, வெள்ளிச் சுரங்க நகரமான காங்ஸ்பெர்கைச் சேர்ந்த யாக்கோப் துல்லின் தாம்ஸும் சிக்முண்ட் ரூடும் இடுப்பை மடித்து, மேலுடலை முன்னால் சாய்த்து, கைகளை முன்னே நீட்டிப் பறக்கத் தொடங்கினார்கள். தூரம் சட்டென்று கூடியது. 1924 ஷாமோனியில் தாம்ஸ் தங்கம் வென்றார்.

அதே போட்டியின் வெண்கலப் பதக்கத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்காகத் தாவிய ஆண்டர்ஸ் ஹாகென் அன்று 50 மீட்டர் தாண்டினார். போட்டியின் மிக நீண்ட தாவல் அதுதான். பாணிக்கான மதிப்பெண் அவரைக் கீழே இழுத்ததால் நான்காம் இடமே கிடைத்தது; மூன்றாம் இடம் நார்வேயின் தோர்லைஃப் ஹாகுக்குப் போனது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய கணக்கை யாரோ மீண்டும் கூட்டிப் பார்க்க, கூட்டலில் பிழை இருப்பது தெரியவந்தது. ஹாக் எப்போதோ காலமாகியிருந்தார். 1974இல் ஆஸ்லோவில் அவருடைய மகளே அந்தப் பதக்கத்தை, எண்பது வயதைக் கடந்திருந்த ஹாகெனின் கையில் கொடுத்தார். கணக்கில் நேர்ந்த அநீதி சரியானது. நீளமாகப் பறந்தவரைப் பாணியின் பெயரால் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் அதோடு முடியவில்லை.

காங்ஸ்பெர்க் பள்ளியின் மிகப் பெரிய பெயர் சிக்முண்டின் தம்பி பிர்கர் ரூட். 1932 லேக் பிளாசிட், 1936 கார்மிஷ் ஒலிம்பிக்குகள் இரண்டிலும் தங்கம். ஜெர்மானியர் நார்வேயை ஆக்கிரமித்தபோது, நாஜிகள் நடத்திய போட்டிகளில் கலந்துகொள்ள மறுத்தார். கிரினி முகாமில் சிறை வைக்கப்பட்டார். 1948இல் செயின்ட் மோரிட்ஸுக்குப் பயிற்சியாளராகத்தான் போனார். போட்டிக்கு முன் வானிலை மோசமாக, அனுபவம் குறைந்த வீரருக்குப் பதில் தானே களமிறங்கி 36 வயதில் வெள்ளி வென்றார். முந்தைய இரண்டு தங்கங்களைவிட அந்த வெள்ளிதான் அவருடைய மனத்திண்மையைக் கூடுதலாகச் சொல்கிறது.

குன்றுகளும் வளர்ந்தன. 1936 மார்ச்சில், இன்று ஸ்லோவேனியாவில் உள்ள பிளானிட்சாவில், 18 வயது ஆஸ்திரிய இளைஞர் செப் பிராடல் முதன்முதலாக 100 மீட்டரைத் தாண்டினார். இத்தனை பெரிய குன்றுகள் ஆபத்து என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தயங்கியது. பின்னாளில் ஸ்கை ஃபிளையிங் என்ற தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை.

1924 முதல் 1952 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் தங்கம் நார்வேக்கே போனது. அந்தப் பிடியைத் தளர்த்தியது காற்றுச் சுரங்கம். சுவிஸ் பொறியாளர் ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் 1920களிலேயே காற்றுச் சுரங்கச் சோதனைகளால் தாவலின் காற்றியலை ஆராய்ந்து, நீட்டிய கைகளைவிட உடலோடு ஒட்டிய கைகளே நல்லவை என்ற திசையைக் காட்டினார். அவர் நாட்டவரான ஆண்ட்ரியாஸ் டேஷர் 1950களில் அதைச் செய்து காட்டினார்: கைகள் பின்னால் உடலோடு, முகம் பலகைகளுக்கு அருகில், இரு பலகைகளும் இணையாக. 1956இல் ஃபின்லாந்தின் ஆன்டி ஹுவாரினென் இந்த முறையில் தங்கம் வென்றார். அடுத்து 1960இல் கிழக்கு ஜெர்மனியின் ஹெல்முட் ரெக்னாகல், நார்டிக் நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த முதல் சாம்பியன் ஆனார். அவர் மட்டும் கைகளை முன்னே நீட்டியே பறந்தார்.

ஆசியாவில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் 1972இல் ஜப்பானின் சப்போரோவில். அதுவரை அந்தப் போட்டிகளில் ஜப்பான் வென்றது ஒரே ஒரு வெள்ளி. சிறிய குன்றில் யுகியோ கசாயா தங்கமும், அகிட்சுகு கொன்னோ வெள்ளியும், செய்ஜி ஆவோச்சி வெண்கலமும் எடுத்து மேடையை முழுக்க நிரப்பினார்கள். பெரிய குன்றில் போலந்தின் 19 வயது வோய்சியெக் ஃபோர்டுனா, யாரும் எதிர்பாராமல் 111 மீட்டர் பறந்து தன் நாட்டுக்கு முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

இணைப்பலகைக் காலத்தின் உச்சம் ஃபின்லாந்தின் மாட்டி நிகானென். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இருந்த மூன்று போட்டிகளிலும் தங்கம். உலகக் கோப்பைப் போட்டிகளில் 46 வெற்றிகள். மேடையை விட்டு அவர் எழும்பும் கணக்கு மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையில் மதுவும் சிறைவாசமும் குறுக்கிட்டன; 2019இல், 55 வயதில் காலமானார்.

நிகானென் வென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சுவீடனின் யான் பொக்லோவ் வேறுவிதமாகப் பறந்துகொண்டிருந்தார். ஃபாலுனில் பயிற்சியின்போது ஒருமுறை அவருக்குச் சமநிலை தவறி, பலகைகளின் முன்முனைகள் விரிந்துவிட்டன. விழப்போகிறோம் என்று நினைத்தவர் வழக்கத்தைவிட நெடுந்தூரம் போய் இறங்கினார். காரணம் எளிது. பலகைகள் இணையாக இருந்தால் உடல் அவற்றின் மேலே மறைந்துவிடும். வி வடிவில் விரித்தால், நடுவில் உடலும் இருபுறம் பலகைகளுமாகக் காற்றைத் தாங்கும் பரப்பு அகலமாகும், தூக்குவிசை கணிசமாகக் கூடும். போலந்தின் மிரோஸ்லாவ் கிராஃப் 1960களின் கடைசியிலேயே இதைக் கண்டிருந்தார். நடுவர்களின் மதிப்பெண் அவரைத் தேற விடவில்லை. பொக்லோவுக்கும் அதே தண்டனைதான். ஒவ்வொரு தாவலிலும் பாணிக்கான மதிப்பெண்ணைக் கழித்தார்கள். அவர் அந்த இழப்பையும் தூரத்தால் ஈடுகட்டி, 1988–89 பருவத்தின் உலகக் கோப்பையை வென்றார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றில் நோர்ஹைமுக்கு அடுத்து வைக்க வேண்டிய பெயர் அவருடையதே.

வி பாணிக்கு மதிப்பெண் கழிக்கும் விதி மாறியது, மாற்றம் மின்னல் வேகத்தில் பரவியது. 1992 ஆல்பர்வில்லில் வி பாணிக்காரர்களே பதக்கங்களை அள்ளினார்கள். ஃபின்லாந்தின் டோனி நீமினென் 16 வயதில் பெரிய குன்றிலும் அணிப் போட்டியிலும் தங்கம் வென்றார். இரண்டு ஆண்டுகளில் பிளானிட்சாவில் 203 மீட்டர் பறந்து, 200ஐத் தாண்டிக் காலூன்றி நின்ற முதல் மனிதரும் அவரே. பழைய பாணியில் ஊறியவர்களுக்கு அது கொடிய காலம். 1984இல் இணைப்பலகைகளோடு தங்கம் வென்ற ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃப்ளோக் 1992இல் வெறுங்கையோடு திரும்பினார். முப்பதை நெருங்கும் வயதில், அனிச்சையாகிப்போன அசைவை அழித்துப் புதிதாகக் கற்று, 1994 லில்லிஹாமரில் பெரிய குன்றின் தங்கத்தை எடுத்தார்.

உடலின் வடிவம் ஓரளவு தீர்மானமான பிறகு, போட்டி எடையின் பக்கமும் உடையின் பக்கமும் திரும்பியது. இலேசானவர் தொலைவாகப் பறப்பார் என்பதால் வீரர்கள் ஆபத்தான அளவுக்கு மெலிந்தார்கள். 2004 முதல், உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர் குட்டையான பலகைகளையே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. பலகை குறைந்தால் தூரமும் குறையும். காற்றின் ஓரவஞ்சனையைச் சரிக்கட்டவும் ஒரு கணக்கு 2009 வாக்கில் வந்தது. எதிர்க்காற்று தாவுபவரைத் தாங்கும், பின்காற்று அமுக்கும் என்பதால், அதற்கேற்பப் புள்ளிகள் கழியும் அல்லது கூடும். 2002இல் இரண்டு தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் சிமோன் அம்மான், 2010 வான்கூவரில் காலணியைப் பலகையோடு இணைக்கும், வளைந்த கம்பியுள்ள புதுப் பூட்டமைப்போடு வந்தபோது ஆஸ்திரியா ஆட்சேபித்தது. கூட்டமைப்பு அனுமதித்தது, அவர் மேலும் இரண்டு தங்கம் வென்றார். 2025இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் உலகப் போட்டியில் நடந்தது வேறு ரகம். சொந்த நாட்டு அணியே உடைகளின் தையலுக்குள் விதிக்குப் புறம்பான மாற்றம் செய்தது அம்பலமாகி, வீரர்களும் பயிற்சியாளர்களும் இடைநீக்கம் ஆனார்கள். விளையாட்டைப் பெற்றெடுத்த நாட்டுக்கு அது பெருந்தலைகுனிவு.

இத்தனை மாற்றங்களிலும் பெண்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1862இல் நார்வேயின் டிரிசில் போட்டியிலேயே இங்ரிட் வெஸ்ட்பி என்ற பெண் தாவியிருக்கிறார். 1911இல் ஆஸ்திரியச் சீமாட்டி பௌலா லாம்பெர்க் நீளப் பாவாடையோடு 22 மீட்டர் பறந்தார். நார்வேயின் யோஹான்னே கோல்ஸ்டாட் 1938இல் அமெரிக்காவில் 72 மீட்டரை எட்டினார். இருந்தும் பெண்ணுடலுக்கு இந்தத் தாவல் ஆகாது என்ற பேச்சு 21ஆம் நூற்றாண்டிலும், அதுவும் கூட்டமைப்பின் தலைமையிலிருந்தே, வந்தது. அமெரிக்காவின் லிண்ட்சி வான் 2009இல் பெண்களின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். 2010 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய குன்றின் சாதனைத் தூரமும் போட்டிக்கு முன்பு அவர் பெயரில்தான் இருந்தது. அந்த ஒலிம்பிக்கில் தாவ அவருக்கு அனுமதியில்லை. வீராங்கனைகள் வழக்குத் தொடுத்தார்கள். இது பாகுபாடுதான், ஆனால் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முடிவைக் கனடாவின் சட்டம் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. தடை 2011இல் நீங்கியது. 2014 சோச்சியில் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட் முதல் தங்கத்தை வென்றார். உலகக் கோப்பையில் அறுபதுக்கும் மேல் வென்று, எந்த ஆணும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்ட ஜப்பானின் சாரா தகனாஷிக்கு அன்று நான்காம் இடமே கிடைத்தது.

ஸ்கை ஃபிளையிங் போட்டி பெண்களுக்கு 2023இல்தான், நார்வேயின் விகெர்சுண்டில் திறந்தது. 2015இல் அதே குன்றில் 250 மீட்டரை முதன்முதலாக எட்டியவர் ஸ்லோவேனியாவின் பீட்டர் பிரெவ்ட்ஸ். 2025 மார்ச்சில் அவருடைய தங்கை நிகா அங்கே 236 மீட்டர் பறந்து பெண்களின் உலகச் சாதனையைத் தன் பெயரில் எழுதினார். அதே மாதக் கடைசியில் இன்னோர் அண்ணன் டோமன், பிளானிட்சாவில் 254.5 மீட்டர் போய் இறங்கி ஆண்களின் சாதனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.