மலைத் தோட்டத்தில் ரோட்டவேட்டர்: பூட்டும்போதும் ஓட்டும்போதும் கவனிக்க வேண்டியவை

கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று எதைப் போட்டாலும் மலையில் முதல் செலவு மண்ணைக் கொத்துவதுதான். ஃபோர்க் போட்டுக் கொத்த ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. அதனால் கேத்தி, நஞ்சநாடு, தூனேரி பக்கமெல்லாம் மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்குவது பற்றி விவசாயிகள் கேட்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால், சமவெளி வயலில் ஓட்டுவது வேறு, படிமட்டத்தில் ஓட்டுவது வேறு.

வாங்கும் முன்பு

பாதையும், திரும்ப இடமும் உள்ள அகலமான படிமட்டங்களுக்கும் பள்ளத்தாக்கு நிலங்களுக்கும் மட்டுமே மினி டிராக்டர் ஏற்றது. குறுகிய படிகளுக்குப் பவர் டில்லரோ, பவர் வீடரோ போதும். படி வெட்டாத சரிவில் டிராக்டரை இறக்கவே வேண்டாம்.

அடுத்து, எச்.பி. கணக்கு. டர்போ இல்லாத டீசல் இன்ஜின் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவிகிதம் சக்தியை இழக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 22 எச்.பி. டிராக்டர், 17 அல்லது 18 எச்.பி. வேலையைத்தான் செய்யும். எனவே, சமவெளிக்குச் சொல்லும் அகலத்தைவிட ஒரு அளவு குறைந்த ரோட்டவேட்டரைக் கேளுங்கள். அதே சமயம், அது டயர் தடத்தை மூடும் அகலத்தில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டர் மலைக்கு நல்லது.

பூட்டும் முறை

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, முதலில் இடது கீழ் லிங்க், பிறகு வலது கீழ் லிங்க், கடைசியாக டாப் லிங்க் என்ற வரிசையில் பூட்டுங்கள். வலது லிங்கின் உயரத்தைத் திருகி மாற்ற முடியும் என்பதால்தான் அது இரண்டாவதாக வருகிறது. பக்கவாட்டுச் சங்கிலிகளை இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது பி.டி.ஓ. ஷாஃப்ட். புதிய ரோட்டவேட்டருடன் வரும் ஷாஃப்ட் உங்கள் டிராக்டருக்கு நீளமாக இருக்கலாம். அப்படியே மாட்டி ஏற்றி இறக்கினால் அது கியர் பாக்ஸை முட்டி பேரிங்கை உடைத்துவிடும். ரோட்டவேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டும் மிக நெருங்கி வரும் நிலையிலும் குழாய்களுக்குள் 1 அங்குலம் இடைவெளி மிச்சம் வேண்டும். மிக விலகும் நிலையிலும் மூன்றில் ஒரு பங்கு நீளமாவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்ட வேண்டியிருந்தால் மெக்கானிக்கை வைத்து உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்டச் சொல்லுங்கள். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் வண்டி அதிரும்.

கியர் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் ஓட்டியதும் கத்தி போல்ட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள். கத்தியின் கூரான பக்கம்தான் முதலில் மண்ணை வெட்ட வேண்டும். இடது, வலது கத்திகளை மாற்றிப் போட்டால் டீசல்தான் வீண்.

ஓட்டும் முறை

தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு சுழலவிடக் கூடாது. சற்றுத் தூக்கி, சுழலவிட்டு, வண்டி நகர ஆரம்பித்ததும் மெதுவாக இறக்குங்கள். குறைந்த கியர் போதும். முதல் சாலில் 2 அங்குலம், இரண்டாவது சாலில் 4 முதல் 5 அங்குலம் ஆழம் வையுங்கள். திருப்பும்போது கட்டாயம் தூக்கிவிடுங்கள்.

ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிபோல் ஒட்டினால் அன்று ஓட்ட வேண்டாம். ஜூன், ஜூலை சாரலில் அவசரப்பட்டு ஓட்டினால் மண் கட்டிதட்டிவிடும்.

பின்பலகையை மூடினால் மண் பொடியாகும், திறந்தால் கட்டியாக இருக்கும். கேரட் விதைப்புக்குக் கடைசிச் சால் மட்டும் மூடி ஓட்டினால் போதும். மழை நெருங்கும் நாளில் நிலத்தை மாவாக்கி வைத்தால், ஒரே இரவில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். எப்போதும் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டமாகவே ஓட்டுங்கள். படி ஓரத்துப் புல்லைத் தொடாதீர்கள்.

உயிர் முக்கியம்

பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. குளிருக்குப் போட்ட ஷால், மஃப்ளர், சேலை முந்தானை எது சிக்கினாலும் கையை எடுக்க அவகாசம் இருக்காது. உறை இல்லாத ஷாஃப்டை ஓட்டாதீர்கள். கத்தியில் சுற்றிய கொடியை எடுக்க வேண்டுமானால், இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டவேட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே குனியுங்கள்.

படியின் உயரம் 4 அடி என்றால், ஓரத்திலிருந்து குறைந்தது 4 அடி உள்ளேயே டயர் இருக்கட்டும். மழை பெய்து ஊறிய மண்ணில் இன்னும் தள்ளி ஓட்டுங்கள். அந்த ஓரத்தைக் கையால் கொத்திக்கொள்ளலாம். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கியபடி செங்குத்தான பாதையில் ஏறினால் முன்சக்கரம் எழும்பும். அங்கே ரிவர்ஸில் ஏறுங்கள், இறங்கும்போது குறைந்த கியரில் முன்நோக்கி இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது. சாலைக்கு வந்ததும் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைத்துவிடுங்கள். மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

கத்தியோடு வரும் எதிரி

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு, இந்தியாவில் முதன்முதலாக 1961-ல் நம் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடு பல வருடங்கள் மண்ணில் உயிரோடு கிடக்கும். முட்டைக்கோஸைத் தாக்கும் வேர் வீக்க நோயும் அப்படித்தான். இரண்டும் மண்ணோடு பயணிப்பவை. வாடகை ரோட்டவேட்டர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, கத்தியிலும் டயரிலும் ஒட்டிய மண்ணோடு இவையும் போகின்றன. எனவே, முன்பு ஓட்டிய தோட்டத்திலேயே சுரண்டிக் கழுவிய வண்டியை மட்டும் உங்கள் நிலத்துக்குள் விடுங்கள். அரை மணி நேர வேலைதான். நூற்புழு வந்துவிட்டால் பல போகம் உருளைக்கிழங்கை மறக்க வேண்டியிருக்கும்.

வாசகர் கேள்விகள்

மூன்று போகமாக ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன். கேரட் கட்டையாகவும் கவைத்தும் வருகிறதே?

ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் கத்தி படும் இடத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுப் பிடிக்கும். ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். 5, 6 அங்குலத்தில் தடுத்தால் அதுதான் காரணம். மண் காய்ந்த நேரத்தில் உளிக்கலப்பையோ ஃபோர்க்கோ போட்டு உடையுங்கள். நிறைய மட்கிய தொழு உரம் இடுங்கள். மட்காத சாணமும் கேரட்டைக் கவைக்க வைக்கும்.

தேயிலை வரிசைக்கு நடுவில் ஓட்டலாமா?

வேண்டாம். தேயிலையின் ஊட்ட வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அவை அறுபடும், மண்ணும் அரித்துப் போகும்.

மானியம் உண்டா?

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் உண்டு. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக, அரசு நிர்ணயித்த உச்சவரம்புக்குள் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். அனுமதி வரும் முன் கருவியை வாங்கிவிடாதீர்கள். ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலம் என்றால், சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதோ, நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குவதோதான் கட்டுப்படியாகும்.