மின்பொறியில் மீண்டெழுந்த பழங்குரல்கள்
ஸ்கொட்லாந்தின் நாட்டு நடன இசை கூறும் கதை

பழையன கழிவதும் புதியன புகுவதும் குற்றமன்று என்று மொழிக்கு விதி செய்தார் பவணந்தி முனிவர். அவ்விதியைக் கலைக்கும் பொருத்திப் பேசுவது அறிஞர் சிலரின் வழக்கம். ஆயின், ஓர் ஐயம் எழுகின்றது. புதியது வீட்டினுள்ளே புகவேண்டுமாயின், பழையது வாயிலைக் கடந்து வெளியேறியே தீரவேண்டுமா? பழையதைக் கைப்பிடித்து அழைத்து வருவதற்கே புதியது ஒன்று வருதல் இயலாதா? இவ்வினாவுக்கு விடையாக அமைவது, ஸ்கொட்லாந்து தேசத்து நாட்டு நடன இசையின் அண்மைக்கால வரலாறு. இசையில் ஈடுபாடுடைய பெரியோரும் மாணவரும் ஒருங்கே சிந்திக்கத்தக்க வரலாறு அது.

ஊர் மண்டபத்தில் ஓர் இரவு

ஸ்கொட்லாந்தின் வடக்கே மலைநாடு. அங்குள்ள மக்களின் பழைய மொழி கேலிக். குளிர்கால இரவுகளில் அயலவர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று, கணப்பைச் சுற்றி அமர்ந்து, கதை சொல்லியும் பாட்டுப் பாடியும் பொழுது போக்குவர். அவ்வாறு போய்வருதலையே ‘கெயிலி’ என அழைத்தனர். காலப்போக்கில் வீட்டுக் கூட்டம் ஊர் மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. கதையும் பாட்டும் இருந்த இடத்திலே நடனம் முதன்மை பெற்றது. இன்று கெயிலி என்றால், முதியவரும் சிறுவரும் வரிசையாகவும் வட்டமாகவும் கைகோத்து ஆடும் கூட்டு நடனம் என்றே யாவரும் பொருள் கொள்வர்.

இந்நடனத்துக்கு வேண்டியது ஓர் இசைக் குழு. வயலின் ஒன்று, அக்கோடியன் ஒன்று, தாளத்துக்கு ஒரு முரசு. இவை இருந்தாற் போதும். குழுவின் கடமை கேட்போரை வியக்கச் செய்வதன்று. ஆடுவோரின் கால்கள் தடுமாறாது காப்பதேயாகும். ‘ரீல்’ எனப்படும் விரைவு நடனத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 வரையான அடிகள் விழுதல் வேண்டும். இவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அது பயன்படும்.

நேற்றைய புதுமையே இன்றைய மரபு

இக்குழுக்களில் உலகறிந்த பெயர் பெற்றவர் ஜிம்மி ஷாண்ட். 1908ஆம் ஆண்டு பிறந்த இவர் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். பதினான்காம் வயதில் தாமும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தோடு அவருடைய சுரங்க வாழ்வு முடிவுற்றது; அக்கோடியன் அவருக்கு வாழ்வளித்தது. இசைத்தட்டும் வானொலியும் அவருடைய குழுவின் இசையை எங்கும் பரப்பின. 1955இல் அவருடைய ‘புளூபெல் பொல்கா’ என்னும் இசைத்தட்டு பிரித்தானியாவில் மிகுதியாக விற்பனையான தட்டுகளின் வரிசையிலே இடம்பெற்றது. 1999இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஸ்கொட்லாந்து மரபு என்றதும் ஷாண்டின் அக்கோடியன் ஒலியே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த அக்கோடியன் எங்கிருந்து வந்தது? 1829இல் வியன்னா நகரில் உரிமைப் பதிவு பெற்ற புதுப்பொறி அது. மலைநாட்டின் பழம்பெரும் பைக்குழலோடு ஒப்பிட்டால், அது நேற்றுப் பிறந்த குழந்தை. அதிலும் அயல்நாட்டுக் குழந்தை. அதனை மரபின் காவலனாகக் கொள்வோர், மற்றொரு புதுப்பொறியைக் கண்டு முகஞ்சுளித்தல் பொருந்துமா? மரபு என்பது எந்தக் கருவி என்பதிலே இல்லை. அக்கருவி எதனைப் பேசுகின்றது என்பதிலேதான் இருக்கின்றது.

மின்னொலி புகுந்த விதம்

1990ஆம் ஆண்டளவில் இளைஞர் உலகை மற்றொரு நடனம் ஆட்கொண்டிருந்தது. மின்பொறியாற் பிறக்கும் ஓசை. ஓயாது விழும் முரசடி. இரவு முழுவதும் நீளும் ஆட்டம். ‘ஹவுஸ்’ எனப்படும் அவ்வகை இசையின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள். முன்னர்க் கூறிய எண்ணோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. பாட்டனார் ஆடிய ரீல் நடனத்தின் வேகமும் பேரன் ஆடிய புதுநடனத்தின் வேகமும் ஏறக்குறைய அண்டை வீடுகளாகவே இருந்தன!

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. பைக்குழலில் இராகம் வாசிக்கும் குழல் ஒன்று. அதிலே எழுவன ஒன்பது சுரங்களே. அதனோடு, ஒரே சுருதியை இடையறாது ஒலிக்கும் குழல்கள் மூன்று. நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து எவ்வாறோ, அவ்வாறே இவை. பையில் நிறைந்த காற்றினால் ஒலிப்பதால், வாசிப்பவர் ஒலியை நடுவே நிறுத்துதலும் இயலாது. ஓங்கியும் தணித்தும் வாசித்தலும் இயலாது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே மின்னலென விரலசைத்து எழுப்பும் சிறு சுரங்களாலேயே அவர் அழுத்தமும் அழகும் காட்டுவர். நிலையான சுருதி, இடையறாத ஓட்டம், திரும்பத் திரும்ப வரும் மெட்டு. மின்னியல் நடன இசையின் இலக்கணமும் இதுவே அன்றோ?

இவ்வுறவினை உணர்ந்து பயன்படுத்திய குழுக்கள் இரண்டினைக் குறிப்பிடலாம். 1990இல் எடின்பரோ நகரில் தோன்றியது ‘ஷூகிள்நிஃப்டி’. அதன் வயலின் கலைஞர் அங்கஸ் கிராண்ட், புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரின் மைந்தர். தந்தையின் மரபிலே வளர்ந்த கை, மின்வாத்தியங்களும் முரசுகளும் சூழ, இளைஞர் கூட்டத்தை ஆடவைத்தது. 2016இல் அவர் மறைந்த பின்னரும் குழு தொடர்ந்தது. ஸ்கை தீவின் டன்வேகன் ஊரைத் தாயகமாகக் கொண்ட ‘பீட்பொக் பெயரீஸ்’ மற்றையது. பைக்குழலையும் வயலினையும் நடுவே நிறுத்தி, மின்விசைப் பலகையின் ஓசைகளையும் கனத்த தாளத்தையும் சுற்றிலும் பின்னிய குழு அது. இவர்களுடைய இசை பெரும்பாலும் வாய்ப்பாட்டு இல்லாதது, கால்களுக்கென்றே பிறந்தது.

இதுவரை சொன்னது நடனத்தின் கதை. மறக்கப்பட்டோரின் குரலை மின்பொறி எவ்வாறு மீட்டது என்பது இதனினும் ஆழமான கதை. அதற்குரியவர் மார்ட்டின் பெனற்.

கழிக் கூடாரமும் ஒலிநாடாவும்

பெனற்றின் கதையைக் கூறுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்கொட்லாந்தியக் கல்விக்கான நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது. நாட்டுப் பாடல்களையும் கதைகளையும் ஒலிநாடாவில் பதிந்து காப்பது அதன் பணிகளுள் ஒன்று. அங்கு பணியாற்றிய கவிஞர் ஹேமிஷ் ஹெண்டர்சன், பாடல்களைத் தேடி ஒரு சமூகத்தாரிடம் சென்றார்.

‘பயணியர்’ என அழைக்கப்படும் மக்கள் அவர்கள். தகரவேலை செய்தும், அறுவடைக்கும் பழம் பறிக்கவும் கூலிக்குச் சென்றும், வளைத்த கழிகளாலான கூடாரங்களில் வாழ்ந்தும் வந்தவர்கள். ஊரார் அவர்களை இழிவாக நோக்கினர். தங்கிய இடத்திலிருந்து பெயர்ந்து போகும்படி விரட்டினர். ஊரார் மறந்துவிட்ட நூற்றாண்டுப் பாடல்கள் அம்மக்களின் நாவிலேதான் உயிரோடிருந்தன! 1953இல் அபடீன் நகரில் ஹெண்டர்சன் கண்டறிந்த ஜீனி றொபேட்சன் என்னும் பெண்மணி அவ்வகுப்பினரே. நெடுங்கதைப் பாடல்களைப் பாடுவதில் அவருக்கு நிகரில்லை என்று பின்னர் உலகம் போற்றியது. அவர் மகள் லிஸி ஹிக்கின்ஸும் தாயின் வழியிலே சிறந்த பாடகியானார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்குரல்களைக் காத்தது எது? மின்சாரத்தால் இயங்கும் ஒலிப்பதிவுப் பொறி. இயந்திரம் மரபுக்குப் பகை என்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கருவியை இழந்த கலைஞர்

மார்ட்டின் பெனற் 1971இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலே பிறந்தவர். அன்னையார் மார்கிறெற் பெனற், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், பாடகியுங்கூட. தாயுடன் ஸ்கொட்லாந்துக்கு வந்த சிறுவன் பைக்குழல் பயின்றான். பின்பு எடின்பரோ இசைப் பள்ளியிலும், கிளாஸ்கோவிலுள்ள அரச இசை நாடகக் கழகத்திலும் வயலினும் பியானோவும் முறையாகக் கற்று, 1993இல் தேறினார். மரபு இசை, மேலைச் செவ்வியல் இசை, கிளாஸ்கோ இரவு மண்டபங்களின் மின்னியல் இசை ஆகிய மூன்றும் அவருள்ளே சங்கமித்தன. 1997இல் வெளியிட்ட ‘பொதி கல்ச்சர்’ என்னும் இசைத்தொகுப்பிலே, கேலிக் மொழிப் பெருங்கவிஞர் சோர்லி மக்லீன் தம் குரலாற் படித்த கவிதை ஒன்றினையும் இசையோடு இணைத்தார். செம்மறி வளர்ப்புக்காக மக்கள் வெளியேற்றப்பட்டுப் பாழ்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றியது அக்கவிதை. அதைப் படித்த கவிஞர் அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார். குரல் நடன மண்டபத்தை அடைந்தது.

2000ஆம் ஆண்டில் பெனற்றைக் கொடிய புற்றுநோய் பற்றியது. கடுமையான சிகிச்சைகள் உடலை வாட்டின. வாசிக்க முனைந்தார், இயலவில்லை. துயரமும் சினமும் மேலிட, தாம் உயிரெனப் போற்றிய வாத்தியங்களைத் தம் கையாலேயே உடைத்தெறிந்தார். இசைவாணனுக்கு இதனினும் பெரிய இருள் வேறென்ன உண்டு?

அவ்விருளிலே அவருக்கு எஞ்சியவை இரண்டு: ஒரு கணினி, பழைய ஒலிப்பதிவுகள். பதிந்த குரலின் ஒரு துண்டை எடுத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை ஒலிக்கச் செய்யும் வல்லமை இக்காலப் பொறிகளுக்கு உண்டு. அதனைக் கொண்டு, பயணியரும் கேலிக் பாடகரும் பாடிவைத்த பாடல்களைச் சுற்றி முரசும் நரம்பிசையும் மின்னொலியும் எழுப்பினார். 2003இல் ‘கிறிற்’ என்னும் பெயரோடு அது வெளிவந்தது. பருமணல் என்பதும் மனவுரம் என்பதும் அச்சொல்லின் பொருள்கள். அதன் முதற் பாட்டிலே ஒலிப்பது பயணியர் குலத்துப் பாடகி ஷீலா ஸ்டூவர்ட்டின் குரல். ஓரிடத்திலும் தங்கவிடாது விரட்டப்படும் தம் மக்களைப் பற்றிய பாட்டு. விரட்டப்பட்டோரின் குரல், விரட்டியோரின் பேரப்பிள்ளைகள் ஆடும் மண்டபத்திலே, தலைநிமிர்ந்து முன்னே நின்றது.

2005ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பெனற் காலமானார். வயது முப்பத்து மூன்றே.

நியாயமான ஒரு வினா

இவ்வகை இசையை மறுப்போர் கூறுவதிலும் பொருளில்லாமல் இல்லை. லிஸி ஹிக்கின்ஸின் குரலும் ‘கிறிற்’றில் உண்டு, அவரோ அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1993இல், காலமானவர். தம் பாட்டுக்கு முரசடி வேண்டுமா என்று அவரை எவர் கேட்டார்? பக்கவாத்தியமின்றித் தனிக்குரலாய், தனக்கே உரிய காலப்பிரமாணத்தில் நடக்கும் பாட்டினைப் பொறியின் அளவுகோலுக்குள் அடக்கினால், அதன் மூச்சு சிறிதேனும் தடைப்படாதா? நெடுங்கதைப் பாட்டில் சில அடிகளை மாத்திரம் எடுத்தாண்டால் கதை என்னாவது?

இழப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. எனினும், இழப்பை ஈடு செய்யும் வழிகள் இரண்டினைப் பெனற் கையாண்டார். முதலாவது, குரலை அலங்காரமாக்காது தலைமைப் பொருளாக வைத்தார். ஓசைகள் குரலுக்கு ஏவல் செய்தன. இரண்டாவது, பாடியவர் யாவர் என்பதைப் பெயர் சுட்டி உலகறியச் செய்தார். கேட்ட இளைஞர் மூலத்தைத் தேடிச் செல்ல அது வழியாயிற்று. அந்நிறுவனத்தின் பழைய ஒலிப்பதிவுகளுட் பல இப்போது ‘தோபர் அன் துவல்ஹஸ்’ என்னும் இணையத்தளத்தில் எவரும் கேட்கத்தக்கதாக இருக்கின்றன. முரசோடு கேட்டவர், முரசின்றியும் கேட்கலாம். மூலம் அழியாதிருக்கும் வரை, அதன்மேற் செய்யும் முயற்சி எதுவும் அதனைக் கொல்லாது. மூலத்தை மறைத்துத் தானே மூலம் என்று நிற்பதுதான் கொலை.

வட்டம் நிறைவுற்றது

பெனற் மறைந்து பத்து ஆண்டுகளின் பின், 2015 ஜனவரியில், கிளாஸ்கோ நகரின் ‘கெல்டிக் கனெக்‌ஷன்ஸ்’ இசைவிழா தொடங்கிய இரவு. ‘கிறிற்’ முழுவதையும் கிறெக் லோசன் என்னும் வயலின் கலைஞர் பெரும் வாத்தியக் குழுவுக்கென எழுதியிருந்தார். ஏறத்தாழ எண்பது கலைஞர் மேடையில் அமர்ந்து அதனை வாசித்தனர். கையால் வாசிக்க முடியாத ஒருவர் பொறியால் அமைத்த இசையை, எண்பதின்மர் தம் கைகளால் வாசித்தனர்! கூடாரத்து வாய்மொழியில் இருந்தது ஒலிநாடாவுக்கு வந்து, ஒலிநாடாவிலிருந்து கணினிக்குச் சென்று, கணினியிலிருந்து மீண்டும் மனிதர் கைக்கே வந்து சேர்ந்தது.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. பெனற் பொறியைத் தொடுமுன் பைக்குழலைக் கற்றார். அங்கஸ் கிராண்ட் மின்னொலியோடு சேருமுன் தந்தையின் வயலினைக் கேட்டார். ஆழத் தெரிந்தவரே துணிந்து மாற்றினர்; அதனாலேயே மாற்றமும் நிலைத்தது. புதுமை செய்ய விழையும் இளைஞர் முதலில் ஒரு முதியவரின் முன்னே அமர்ந்து, அவர் பாடுவதை இறுதிவரை கேட்கட்டும். கேட்டு முடிந்ததும் அவர் பெயரையும் எழுதி வைக்கட்டும். பொறி அதன் பின்னர் வரலாம்.