புக்கிட் ஹோ சுவீ தீ: தோ பாயோவாசிகளும் அறியவேண்டிய வரலாறு

தோ பாயோவில் இன்று தலைமையகம் கொண்டிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பதினைந்து மாதங்களில் அது பெரும் சோதனையைச் சந்தித்தது. அதுதான் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்து.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் தியோங் பாரு கம்போங் பகுதியில் மூண்ட தீ, பலத்த காற்றில் புக்கிட் ஹோ சுவீக்குப் பரவியது. நெருக்கமாக அமைந்த அத்தாப்பு, பலகை வீடுகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. குறுகிய பாதைகளில் தீயணைப்பு வண்டிகளால் நுழைய முடியவில்லை.

நால்வர் உயிரிழந்தனர். 2,800க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்து, பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டனர். தீக்கான காரணம் கடைசிவரை உறுதிசெய்யப்படவில்லை. அதனால் வதந்திகளும் நீடித்தன.

லிம் கிம் சான் தலைமையிலான வீவக விரைந்து செயல்பட்டது. பாதிக்கப்பட்டோரில் பலர் குவீன்ஸ்டவுன், செயின்ட் மைக்கல்ஸ் போன்ற பேட்டைகளில் வீடு பெற்றனர். தீக்கிரையான இடத்திலேயே புதிய அடுக்குமாடிக் கட்டடங்களும் எழுந்தன.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் அம்சம், நிலம். குடிசைகள் எரிந்து நிலம் காலியானால் அதன் மதிப்பு உயரும். மக்களின் துயரத்தால் நில உரிமையாளர்கள் ஆதாயம் அடையக்கூடாது என்பதற்காகச் சட்டம் திருத்தப்பட்டது. காலிமனை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத விலையில் அரசாங்கம் அந்நிலத்தைப் பெற அது வழிவகுத்தது.

இந்த அனுபவத்துடன் வீவக அடுத்துக் கையிலெடுத்த பெரிய பணிகளில் ஒன்று தோ பாயோ. ‘பெரிய சதுப்புநிலம்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட அவ்வட்டாரத்திலும் கம்போங்குகள் இருந்தன. குடியிருப்பாளர்கள் எளிதில் வெளியேற இணங்கவில்லை. வாழ்வாதாரமாக இருந்த காய்கறித் தோட்டத்தையும் பன்றி வளர்ப்பையும் விட்டு அடுக்குமாடி வீட்டுக்குச் செல்வது அவர்களுக்குச் சிறிய மாற்றமன்று. 1960களின் நடுவில்தான் கட்டுமானம் வேகம்பிடித்தது. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்து உருவான இந்நகரே, வீவக முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகர்.

புக்கிட் ஹோ சுவீயில் தீயை நினைவுகூரும் தகவல் பலகை உண்டு. அவ்வழியே செல்வோர் ஒரு நிமிடம் நின்று படிக்கலாம். உயிரிழந்த நால்வரோடு, ஒரே பிற்பகலில் வீட்டையும் அக்கம்பக்கத்து உறவுகளையும் இழந்த ஆயிரக்கணக்கானோரின் கதையும் அதில் அடங்கியிருக்கிறது.