டவுன் பஸ் தூரம் – 9: வாய்தா இல்லாத நாள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மல்லிகை வரத்து படுத்துவிடும். பனிக்கு மொட்டு வைக்காது. விடிவதற்கு முன்னே டார்ச் லைட்டோடு பூப்பறிக்கப் போகிற பெண்களுக்கு அப்போதுதான் கை ஓய்கிறது. போன தை மாதம், நெல் அறுப்பும் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, செக்கானூரணிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து ஏழு பேர் மதுரைக்குக் கிளம்பினார்கள். அப்பத்தா, அம்மா, இரண்டு மதினிகள், சின்னாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, ஏழாவது படிக்கும் அக்கா மகள். துணைக்கு நான்.

பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்னத்தா, ஆஸ்பத்திரிக்கா? சவுளி எடுக்கவா?" சின்னாத்தா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்: "சும்மா, ஊர் பாக்கப் போறோம்." ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. எங்களுக்கு மதுரை ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் போனதெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க, கல்யாணச் சவுளி எடுக்க, கோர்ட்டுக்கு. போகும்போது கவலை, திரும்பும்போது அலுப்பு. சித்திரைத் திருவிழாவுக்குப் போனாலும் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடாமல் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதனால் மிச்சமான பணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்தது வேறொன்று. முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காசு கேட்டால் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும். காசே கேட்க வேண்டாம் என்று ஆனதும் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. "சும்மா" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பஸ் ஏற முடிகிறது. அன்று எட்டுப் பேரில் நான் ஒருவன்தான் காசு கொடுத்தேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடந்தோம். சாதாரணமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடும் தூரம். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றார்கள். 'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி' என்று ஒரு சொலவடை உண்டு. எனக்குப் பிடிக்காத சொலவடை. நின்று பார்ப்பதில் என்ன கேவலம் இருக்கிறது? வெங்கலப் பானையைத் தட்டிப் பார்த்து, காதில் வாங்கி, கனத்தைச் சொன்னார் என் மூத்த மதினி. கடைக்காரர் தராசில் வைத்தார். கால் கிலோகூட வித்தியாசமில்லை.

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குப் போகும் வழியில் முக்குறுணிப் பிள்ளையார். சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒற்றைக் கொழுக்கட்டை செய்து இவருக்குப் படைப்பார்கள் என்று அக்கா மகளுக்குச் சொன்னேன். "முக்குறுணின்னா என்ன மாமா?" என்றாள். மூன்று குறுணி என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அப்பத்தா அவளைப் பக்கத்தில் இழுத்து, இரண்டு கையையும் வளைத்து, குறுணி என்கிற மரக்கால் எவ்வளவு பெரிதிருக்கும், நெல்லை எப்படிக் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள், தலை தட்டி அளக்கிற களத்துக்கு ஏன் ஆள் வரமாட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். கூலியை நெல்லாக வாங்கியவருக்குத்தான் அந்தப் பெயர் புரிகிறது.

கிழக்கு வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் என் இளைய மதினி ஒரு முழத்தைக் கையில் வாங்கினார். ஒரு மொட்டைக் கிள்ளி, காம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "நேத்துப் பூவு." பூக்காரம்மா சிரித்துவிட்டார். "எந்தூரு தாயி?" என்று கேட்டு, கூடைக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். விலையைக் கேட்டதும் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பறிக்கிற கைக்கு வருவது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு முழம்.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த டம்ளரை அம்மா வாங்கிய வேகத்தில் அக்கா மகளிடம் கொடுத்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டேன். "குடிச்சா எங்க ஒதுங்குறதுப்பா?" என்றார் மெதுவாக. ஐம்பது வருடமாக அவர் மதுரைக்கு வந்து போவது இப்படித்தான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மகால். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது கால்வாசிதான். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுதுபார்த்ததால் இவ்வளவாவது மிஞ்சியது. மதினிகள் கைகோத்துத் தூணைக் கட்டிப்பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அப்பத்தா மட்டும் முற்றத்து ஓரத்தில் ஒரு தூணடியில் போய் நின்றுவிட்டார்.

"அப்பு, இது கோர்ட்டுல்ல?"

ஆமாம். 1970 வாக்கு வரைக்கும் ஜில்லா கோர்ட் இங்கேதான் நடந்தது.

"எங்கய்யா என்னைய இப்பிடி ஒரு தூணடியிலதேன் உக்கார வச்சுட்டு உள்ள போவாரு. எனக்குப் பத்து வயசிருக்கும். வரப்புக் கேசு. கட்டுச்சோத்தோட வருவோம். ஒவ்வொரு தடவையும் வாய்தாதேன். எம்புட்டு நாளு வந்துருக்கேன், இந்த மச்ச ஒரு நாளும் நிமுந்து பாத்ததில்ல. எங்கய்யா மொகத்தத்தேன் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். வளைவுகளையும், அவற்றில் இருக்கும் சுதை வேலையையும், மேலே வட்டமாக எழும் விதானத்தையும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

கீழவாசலில் பஸ் பிடித்துத் தெப்பக்குளம் போனோம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இந்தக் குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் காலையில் பார்த்த முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். அக்கா மகள் குளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இன்னிக்குப் பாத்த மூணும் ஒண்ணுதானா மாமா?" என்றாள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தக் குளம் காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வருகிறது. மைய மண்டபம் தண்ணீரில் நிழலடிக்க நிற்கிறது. எல்லாரும் அழகு என்றார்கள். அப்பத்தாவோ, "தண்ணி வர்ற வாயி எங்குட்டு இருக்கு?" என்றார். அதைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்தபோது மணி நான்கு.

இருட்டுவதற்குள் பெரியாருக்குத் திரும்பிவிட்டோம். காளவாசல் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அப்பத்தா தூங்கவில்லை. அடுத்த தடவை காந்தி மியூசியத்துக்குப் போகலாமா என்று கேட்டார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களைப் பக்கத்து நகரத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி, மனு, சவுளி எதையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால், போகிற வழியில் சுத்தமான கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு இறங்கும்போதே அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)