ராமானுஜனுக்குக் கிடைத்த உதவித்தொகை

“அக்காவுக்கு யூனிவர்சிட்டியில ஸ்காலர்ஷிப் கெடச்சிருக்கு!” வீட்டில் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஸ்காலர்ஷிப்பைத் தமிழில் உதவித்தொகை என்று சொல்கிறோம். திறமையான மாணவர்கள் பணம் இல்லாமல் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. அதற்காகப் பல்கலைக்கழகமோ அரசோ கொடுக்கும் பணம் இது. இது கடன் இல்லை. ஆனால், சில நிபந்தனைகள் இருக்கும்.

கணித மேதை ராமானுஜனின் கதையைப் படித்தால் இது நன்றாகப் புரியும்.

கையை விட்டுப் போனது

ராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் வசதி இல்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால், எப்போதும் கணக்கு, கணக்கு என்றே இருந்தார். மற்ற பாடங்களைக் கவனிக்கவில்லை. தேர்வில் தவறினார். உதவித்தொகை நின்றது. படிப்பும் பாதியில் நின்றது.

மறுபடியும் வந்தது

பிறகு, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 30 ரூபாய். வேலை முடிந்ததும் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார். 1913-இல், தாம் கண்டுபிடித்தவற்றை இங்கிலாந்தில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு எழுதி அனுப்பினார். படித்த ஹார்டி வியந்துபோனார்.

அதே ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. “அவர்தான் டிகிரியே வாங்கலையே, எப்படிக் கொடுத்தாங்க?” என்று கேட்கிறீர்களா? அவருடைய திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். இனி அலுவலகம் போக வேண்டாம். நாள் முழுவதும் கணக்குப் போடலாம்!

1914-இல் ராமானுஜன் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஒரு கடிதம்

அப்போது ராமானுஜனுக்கு உடல்நலம் சரியில்லை. ஊர் திரும்ப நினைத்தார். ஊருக்கு வந்த பிறகும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. 1919 ஜனவரியில் அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். இந்தத் தொகை தமக்குத் தேவைக்கு மேலே இருக்கிறது என்றார். பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் செலவும் போக மிஞ்சும் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கலாம், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே, 32 வயதில் ராமானுஜன் இறந்துவிட்டார். உதவித்தொகை போனால் படிப்பு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான், தமக்குக் கிடைத்தபோது மற்றப் பிள்ளைகளையும் நினைத்தார்.

சொல்லும் பொருளும்

நிபந்தனை – கட்டாயம் செய்ய வேண்டியது
எழுத்தர் – அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவர்
அறிக்கை – செய்த வேலையைப் பற்றி எழுதிக் கொடுப்பது

பேசிப் பார்ப்போம்

1. ராமானுஜனின் முதல் உதவித்தொகை ஏன் நின்றது?
2. பல்கலைக்கழகம் அவருக்கு என்ன நிபந்தனை போட்டது?
3. உங்களுக்கு உதவித்தொகை கிடைத்தால் என்ன படிப்பீங்க? படிச்சு முடிச்சு யாருக்கு உதவி செய்வீங்க?