ஐஸ் வேணாம், சீனி வேணாம்... தர்பூசணி போதும்!

அக்னி நட்சத்திரத்துக்கு நாள் குறிச்சவரும் செமஸ்டர் எக்ஸாமுக்கு டைம்டேபிள் போடுறவரும் நிச்சயம் ஒரே ரூம்மேட்ஸாத்தான் இருக்கணும். ரெண்டும் கரெக்டா ஒண்ணாவே வந்து நிக்குது! ஹாஸ்டல் மொட்டை மாடி டேங்க் தண்ணி பதினோரு மணிக்கே வெந்நீர். ஃபேன் சுத்துது, ஆனா அடிக்கிறது அனல். இந்த நிலைமையில தெர்மோடைனமிக்ஸ் புக்கைத் திறந்தா, தியரியே தேவையில்லை, எல்லாமே பிராக்டிகல்தான்.

உடனே கால் தானா நடக்கும், கேட்டுக்கு எதிர்ல இருக்கிற ஜூஸ் கடைக்கு. அங்க என்ன நடக்குதுன்னு ஒருநாள் நின்னு கவனிச்சுப் பாருங்க. கிளாஸ்ல பாதிக்கு ஐஸ். மூணு ஸ்பூன் சீனி. கொஞ்சம் தண்ணி. நம்ம ஹீரோ தர்பூசணிக்கு அதுல கெஸ்ட் ரோல்தான்!

சரி, ஒரு சின்ன கணக்கு. நாலு கிலோ பழம் ஒண்ணு வாங்கினா, தோல் போக சுமாரா ரெண்டரை கிலோ சதை தேறும். வடிகட்டினா தோராயமா ரெண்டு லிட்டர் சாறு. அதாவது பத்து டம்ளர். சீசன்ல ரோட்டோரக் குவியல்ல நாலு கிலோ என்ன விலைன்னு கேட்டுட்டு, கடையில பத்து கிளாஸ் ஜூஸுக்கு என்ன ஆகும்னு பெருக்கிப் பாருங்க. எம்-த்ரீயில அரியர் வெச்சவங்களுக்கும் இந்தக் கணக்கு வரும்.

அடுத்து, சீனி. 100 கிராம் தர்பூசணியில 91, 92 கிராம் வரைக்கும் தண்ணிதான். சுமார் ஆறு கிராம் சர்க்கரை அதுலயே இருக்கு. அப்போ 200 மில்லி டம்ளர்ல 12 கிராம். கடைக்காரர் போடுற மூணு ஸ்பூனை இயற்கையே ஏற்கெனவே போட்டு அனுப்பிடுச்சு! அப்புறம் எதுக்கு மறுபடி மூணு ஸ்பூன்?

பழத்துல இல்லாத ஒரு சமாசாரம் உப்பு. பொட்டாசியம் 100 கிராமுக்கு 110 மில்லிகிராம் பக்கம் இருக்கு. சோடியம் ஒரே ஒரு மில்லிகிராம்தான். ஆனா கிரிக்கெட் ஆடிட்டு வந்து பனியனைப் பிழியிறோமே, அந்த வியர்வையில போறது முக்கியமா சோடியம்தான். அதனாலதான் ஒரு சிட்டிகை உப்பு. போட்டா இனிப்பும் தூக்கலாத் தெரியும். திண்டிவனம், மரக்காணம் பக்கம் போயிருக்கீங்களா? அங்க தர்பூசணி வயலும் உண்டு, உப்பளமும் உண்டு. ரெண்டையும் ஒரே ஏரியாவுல வெச்ச கடவுள் இந்த ஜூஸோட ரெசிபி தெரிஞ்சவர்!

ஊசி போட்ட பழமா?

‘பழம் வாங்கலாம்டா’ன்னு ரூம்ல சொன்னா, ஒருத்தன் கண்டிப்பா செல்போனை நீட்டுவான். "மச்சி, இந்த வீடியோவைப் பாரு. சிவப்பா தெரிய ஊசியில சாயம் ஏத்துறாங்க." இது விளையாட்டுப் பேச்சு இல்லைங்க. 2025 கோடை ஆரம்பத்துல சென்னையில இந்தச் சாயப் பேச்சு பெருசாக் கிளம்புச்சு. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர் பேசின வீடியோ பரவ, ஜனங்க பழத்தைத் தொடவே பயந்தாங்க. விற்பனை படுத்துது. விலை சரிஞ்சு, பறிக்கிற கூலிகூடக் கட்டுப்படியாகாம விவசாயிகள் கொதிச்சுப் போனாங்க. அப்புறம், ‘பயப்படாம சாப்பிடுங்க’ன்னு விளக்கம் வந்துச்சு. ஆனா 70, 80 நாள்ல விளைஞ்சு, சில நாளுக்குள்ள வித்தே ஆகவேண்டிய பயிர் இது. விளக்கம் வர்ற வரைக்கும் பழம் காத்திருக்குமா? நாம ஒரு செகண்ட்ல ஃபார்வர்டு பண்ணிட்டுப் போயிடறோம். அடுத்த வருஷ விதைக்குக் கடன் வாங்கப் போறவர் வேற ஒருத்தர்.

கொஞ்சம் இன்ஜினீயரிங் மூளையோட யோசிச்சுப் பாருங்களேன். இறுக்கமான சதைக்குள்ள ஊசியால திரவம் ஏத்தினா அது பழம் முழுக்க ஒரே மாதிரி பரவுமா? குத்தின இடத்தைச் சுத்தித் தேங்கும், ஓட்டை வழியா ஒழுகும். அந்த ஓட்டைக்குள்ள கிருமி புகுந்தா பழம் சீக்கிரமே அழுகிடும். நட்டமெல்லாம் வியாபாரிக்கு. உள்ள வெடிப்பு விட்ட மாதிரி ஓட்டை இருந்தா, ‘ஆஹா, ஊசி!’னு குதிக்கவும் வேணாம். மகரந்தச் சேர்க்கை சரியா நடக்கலைன்னா இப்படி ஆகும். வெள்ளைக் கோடுகளும் சகஜம்தான்.

கலர் கலக்கணும்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா முழுப் பழத்தோட மல்லுக்கட்டுறதைவிட, வெட்டி வெச்ச துண்டுலயோ ஜூஸ்லயோ கலக்குறது அவருக்கு ரொம்ப ஈஸி. அப்போ முழுப் பழத்தை வாங்கி நாமளே வெட்டுறதுதானே சேஃப்?

அப்பவும் டவுட் தீராத நண்பர்களுக்கு ரெண்டு டெஸ்ட். ஒண்ணு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லிக் கொடுத்தது: பழத்தை ரெண்டா வெட்டி, சிவப்புச் சதையில பஞ்சை வெச்சுத் தேய்க்கணும். பஞ்சு நல்லா சிவந்துபோனா, எரித்ரோசின்ங்கிற சாயம் இருக்கலாம். சில பதப்படுத்தின உணவுகள்ல அதுக்கு அளவோட அனுமதி உண்டு, பழத்துல கிடையாது.

ரெண்டாவது டெஸ்ட் ஜூஸ் போட்ட பிறகு. ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி அரை மணி நேரம் ஆட்டாம வெச்சுடுங்க. சிவப்பு எல்லாம் திப்பியோட திப்பியா ஒதுங்கி, மிச்சம் வெளிறின தண்ணியாப் பிரிஞ்சு நிக்கும். ஏன்னா தர்பூசணியோட சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன். தக்காளியில இருக்கிற அதே ஆளு. அது எண்ணெயில கரையும், தண்ணியில கரையாது. சாயமோ தண்ணியில நல்லாக் கரைஞ்சு எங்க பார்த்தாலும் சிவப்பாவே நிக்கும். இந்த விஷயம் தெரியாமத்தான் பலபேர், ‘ஐயோ, ஜூஸ் பிரிஞ்சுபோச்சு, கெட்டுப்போச்சு’ன்னு சிங்க்ல ஊத்துறாங்க. பிரியறதுதாங்க நல்ல பழத்துக்கு அடையாளம்! ஒரு கலக்கு கலக்கிட்டுக் குடிங்க.

தட்டிப் பார்த்தா தெரியுமா?

குவியல் முன்னாடி நின்னு நாம எல்லாரும் பழத்தைத் தட்டுவோம். எதுக்குத் தட்டுறோம்னு நிறைய பேருக்குத் தெரியாது, எல்லாரும் தட்டுறாங்களேன்னு தட்டுறதுதான். "அண்ணே, நல்லா சிவப்பா இருக்குமா?"ன்னு கேட்டா, "வெட்டிக் காட்டுறேன் தம்பி, அப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாது"ன்னு கத்தியை எடுப்பார் கடைக்காரர். அந்தக் கத்தி எங்கெங்கே போயிட்டு வந்துச்சோ! வெட்டாமலே கண்டுபிடிக்கலாம்.

பழத்தைப் புரட்டிப் போடுங்க. மண்ணுல படுத்துக் கிடந்த பக்கம் ஒரு பெரிய மச்சம் மாதிரி திட்டு இருக்கும். அது வெண்ணெய் மஞ்சளா இருந்தா பழுத்த பிறகு பறிச்சது. வெள்ளையாவோ வெளிர் பச்சையாவோ இருந்தா அவசரப்பட்டுப் பறிச்சது. வீட்ல வெச்சுப் பழுக்க விடலாம்னு கனவு காணாதீங்க. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி தர்பூசணி பறிச்ச பிறகு பழுக்காது. அடுத்து, ஒரே சைஸ்ல ரெண்டைக் கையில எடுத்துப் பார்த்து கனமானதை எடுங்க. பளபளன்னு மின்றதை விட்டுடுங்க, கொஞ்சம் மங்கலா இருக்கிறதுதான் விளைஞ்சது. இதெல்லாம் பார்த்த பிறகு ஆசைக்கு ஒரு தட்டு தட்டிக்கலாம். ‘ஆண் பழம், பெண் பழம்’னு ஒரு கதை சுத்துது. பூவுலதான் ஆண், பெண் உண்டு, பழத்துல கிடையாது.

ஆபரேஷன் ஆரம்பம்!

வெட்டுறதுக்கு முன்னாடி பழத்தை நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். தோலைத்தான் தூக்கிப் போடப்போறோமே, எதுக்குக் கழுவணும்னு கேட்பீங்க. மண்ணுல கிடந்த தோல் மேல கத்தி படுது, அதே கத்தி சதைக்குள்ள போகுது. எக்ஸாம் நேரத்துல வயித்துப்போக்கு வந்து ஹால்ல உட்கார்றதுக்கு, ரெண்டு நிமிஷம் கழுவறது தேவலை.

சதையைத் துண்டு போட்டு, கண்ணுல படுற கொட்டையை எடுத்துடுங்க. மிக்ஸி இருக்கிற வீடுன்னா, ‘பல்ஸ்’ல வெச்சு ரெண்டு மூணு தட்டு. அவ்வளவுதான். உர்ர்ர்னு ஃபுல் ஸ்பீட்ல ஓடவிட்டா மிச்சமிருக்கிற கொட்டை நொறுங்கி துவர்ப்பு இறங்கும். காத்தும் புகுந்து மேல வெளிறின நுரை கட்டும். ஜூஸ் கேவலமா இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் இந்த ஓவர் ஆக்டிங்தான். தண்ணி ஒரு சொட்டுகூட வேணாம், பழமே தண்ணி.

ஹாஸ்டல்ல மிக்ஸிக்கு எங்க போறது? வார்டன் சார் அயர்ன் பாக்ஸையே பறிமுதல் பண்றவர். கவலையே வேணாம், இந்தப் பழத்துக்கு கரன்ட்டே தேவையில்லை. ஆழமான பாத்திரத்துல துண்டுகளைப் போட்டு, கழுவின டம்ளரோட அடிப்பக்கத்தால நசுக்குங்க. பருப்பு கடையுற மத்து கிடைச்சா ராஜயோகம். அஞ்சு நிமிஷத்துல சாறு விட்டுடும். மூடி இறுக்கமான தூக்குவாளியில போட்டு ஆளுக்கு நூறு குலுக்கு குலுக்கினாலும் சரி. டீ வடிகட்டியில ஊத்தினா பொறுமை போயிடும், துவைச்ச வெள்ளைத் துணியில வடிகட்டுங்க. ரொம்பப் பிழிய வேணாம். சொன்னேனே, லைக்கோபீன் எல்லாம் அந்தத் திப்பியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னைக் கேட்டா, வடிகட்டாமலே குடிக்கிறதுதான் டேஸ்ட். சின்னச் சின்னத் துண்டு பல்லுல மாட்டுறது ஒரு தனி சுகம்!

ரெண்டு டம்ளருக்கு அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, நாலு புதினா இலையைக் கையில கசக்கிப் போட்டது. முடிஞ்சுது. மிளகுத்தூள் பிடிச்சா ஒரு தூவல். இஞ்சி பிடிச்சவங்க ஒரு சின்னத் துண்டு நசுக்கிச் சேர்க்கலாம். ஆனா ஜாஸ்தியானா கஷாயம்தான்! எங்க செட்டுல ஓட்டெடுப்பு நடத்தினதுல, ஒரு ஸ்பூன் நன்னாரி சர்பத் ஊத்தின தர்பூசணிதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். சப்ஜா விதையைப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற வெச்சுப் போட்டா கண்ணுக்கும் அழகு. பழைய டெல்லியில ஜாமா மசூதி பக்கம் பால், ரோஸ் சிரப், தர்பூசணித் துண்டு எல்லாம் கலந்து ‘மொஹப்பத் கா ஷர்பத்’னு விக்கிறாங்க. பேரைக் கேட்டதும் ட்ரை பண்ணத் தோணும், பண்ணுங்க. ஆனா அதுல எலுமிச்சை பிழிஞ்சீங்கன்னா பால் திரிஞ்சு மொஹப்பத் முறிஞ்சிடும்.

ஐஸ் இல்லாம ஜில்!

ஐஸ் ஏன் வேணாம்? மீனைப் பதப்படுத்த, மத்த வேலைக்குன்னு செய்யற ஐஸ் வேற, சாப்பிடற ஐஸ் வேற. ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னுதான் 2018-லயே, சாப்பிடாத ஐஸுக்கு நீலக் கலர் சேர்க்கணும்னு விதி கொண்டுவந்தாங்க. அதுக்காக, கலர் இல்லாத ஐஸ் எல்லாம் சுத்தமான தண்ணியில செஞ்சதுன்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் அழுக்குத் தண்ணி வழியா வர்ற விருந்தாளிங்க. வந்தா ஒரு செமஸ்டரையே காலி பண்ணிட்டுத்தான் போவாங்க.

வீட்ல ஃப்ரிட்ஜ் இருந்தா பழத்துண்டுல கால்வாசியை ராத்திரியே ஃப்ரீஸர்ல வெச்சுடுங்க. மறுநாள் அதுவே ஐஸ் கட்டி. கரைஞ்சாலும் ஜூஸ் நீர்த்துப்போகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் ஜனங்களுக்கு நம்ம மண்பானை ஃபிசிக்ஸ் இருக்கு. முழுப் பழத்தை ஈரத் துண்டால சுத்தி, ஃபேனுக்கு அடியில வைங்க. ஈரம் ஆவியாகும்போது பழத்தோட சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். துண்டு காயக் காயத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். திருச்சி, மதுரை, வேலூர்னு காத்து வறண்ட ஊர்ல இது நல்லா எடுபடும். சென்னை, தூத்துக்குடி ஆளுங்க ரொம்ப எதிர்பார்க்காதீங்க பாஸ்... கடல்காத்துலயே ஈரம் ஜாஸ்தி, துண்டு காயவே காயாது!

போட்ட ஜூஸை உடனே குடிச்சுடணும். வெட்டின பழமும் வெளியில ஒரு மணி நேரத்துக்கு மேல கிடக்கக் கூடாது; இந்த வெயில்ல கிருமி நம்மளைவிட வேகமா அசைன்மென்ட் முடிக்கும். வயித்துப்போக்குல படுத்திருக்கிற நண்பனுக்கு, ‘நீர்ச்சத்துடா, குடி’ன்னு இதை ஊத்தாதீங்க. பழச் சர்க்கரை வயித்தை இன்னும் கலக்கலாம், அவனுக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வீட்ல சர்க்கரைக்காரங்க இருந்தா, ஜூஸுக்குப் பதிலா அளவாத் துண்டு கொடுங்க. சிறுநீரகப் பிரச்னை இருக்கிறவங்க, பொட்டாசியம் கணக்கு இருக்கிறதால, டாக்டரைக் கேட்டுட்டுத் தொடட்டும்.

அப்புறம், அந்தத் தோலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வெளிப்பச்சையைச் சீவிட்டு, வெள்ளைப் பகுதியை நறுக்கி, பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைச்சுவிட்டு கூட்டு வெச்சா, பூசணிக்காய் கூட்டுன்னு நினைச்சே எல்லாரும் சாப்பிடுவாங்க. என்னன்னு சாப்பிட்டு முடிச்ச பிறகு சொல்லுங்க.