பல்லில் குறையில்லை, வலி மட்டும் ஏன்?

முகத்திலோ கழுத்திலோ வலி கண்டால் பல், காது, கழுத்தெலும்பு ஆகியவற்றையே முதலில் ஐயுறுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், அவற்றில் குறையேதும் தென்படாமல் வலி மட்டும் தொடருமானால், காரணம் நரம்பிலோ தசையிலோ இருக்கக்கூடும். இத்தகைய வலிகளைக் கண்டறிய, நோயாளி தம் வலியை விவரிக்கும் முறையே மருத்துவருக்கு முதல் வழிகாட்டி.

முக உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பு பாதிக்கப்பட்டால், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலி ஒரு பக்கத்தில் சில நொடிகள் முதல் இரண்டு நிமிடங்கள் வரை தாக்கும். பல் துலக்குதல், முகம் கழுவுதல், மின்விசிறிக் காற்று ஆகியவையும் அதைத் தூண்டலாம். இது 50 வயதைக் கடந்தோரிடம் மிகுதி. மூளைத்தண்டின் அருகே இரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். பல்வலியென எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டோரும் உண்டு, வலி தீர்வதில்லை. வழக்கமான வலிமாத்திரைகள் இதற்குப் பயன்படுவது அரிது; கார்பமசெபின் போன்ற மருந்துகள் பலன் தரும். அம்மருந்தைத் தொடங்கியபின் தோல் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

விழுங்கும்போது தொண்டையிலிருந்து காதுவரை வலி பாய்ந்தால், அது நாத்தொண்டை நரம்பின் வலியாக இருக்கலாம். காதுக்குக் கீழுள்ள ஊசி போன்ற எலும்பு அளவுக்கு மீறி நீண்டிருந்தாலும், விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் வலிக்கும். இதனை 1937இல் விவரித்த மருத்துவர் ஈகிளின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது.

தசைவலியோ மந்தமாக நெடுநேரம் நீடிக்கும். உறக்கத்தில் பற்களைக் கடிப்போருக்குக் காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். கழுத்தின் பக்கத்தசை இறுகினால் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வலி தோன்றலாம். அத்தசையை அழுத்தினால் அதே வலி எழும்.

ஆகவே, வலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது தூண்டுகிறது, எந்த மருந்துக்குத் தணிந்தது என்பனவற்றை ஒரு வாரம் குறித்துவாருங்கள். வலி மிகுந்த வேளையில் நோயாளியால் பேச இயலாது. உடனிருப்போர் எழுதிவைப்பது பேருதவி.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் கூடாது. திடீர்க் கழுத்துவலியுடன் இமை தொங்குதல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி. 50 வயதுக்கு மேல் புதிய தலைவலியுடன் மெல்லும்போது தாடை வலித்தல், பார்வை மங்கல். நடக்கும்போது தாடைக்குப் பரவும் மார்புவலி. வலியுடன் மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.